கண்டக்டர் உடைக்கச் சொன்ன கதவு

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆஸ்பத்திரி அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில் பதினாறு வருஷமாகச் சீட்டு எழுதுகிறவளுக்கு வாய் நீளாமல் வேறு எது நீளும்? பேர் என்ன, வயசு என்ன, என்ன செய்யுது, கூட வந்தது யாரு, அந்தப் பக்கம் உட்காருங்க. இதை ஒரு நாளைக்கு இருநூறு தடவை சொல்லிப் பாருங்கள், உங்களுக்கும் நீளும். ஆனால் வாய் இருக்கிற அளவுக்கு எனக்குத் தைரியம் கிடையாது. அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேறு யாரோ சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதைவிட என் வாயாலேயே வரட்டும்.

சொல்ல வந்தது என்னைப் பற்றி அல்ல, எங்கள் செக்யூரிட்டியைப் பற்றி. இருபத்திரண்டு வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். முட்டி தேய்ந்துவிட்டது, நிற்கிற வேலை இனி ஆகாது என்று டாக்டர் சொன்ன பிறகு, நாள் முழுக்க நிற்கிற வேலைக்கு எங்களிடம் வந்து சேர்ந்தார். எல்லோருக்கும் அவர் கண்டக்டர்தான். ஆள் குள்ளம். யூனிபார்ம் சட்டையின் அரைக்கை அவருக்கு முழங்கைக்குக் கீழே தொங்கும். முதல் நாள் பார்த்ததும், "இவரையா நமக்குக் காவலுக்கு அனுப்பியிருக்காங்க? இவருக்கே ஒரு காவல் வேணும் போலிருக்கே" என்று சத்தமாகவே சொன்னேன். அவர் காதில் விழுந்தது. "டிக்கெட் வாங்காதவனும் என்னப் பாத்தா இதத்தாம்மா சொல்வான்" என்று சிரித்தார்.

அவருக்கென்று ஒரு முறை இருந்தது. காலையில் வந்ததும், வணக்கம் சொல்வதற்கு முன்னால், கண்ணால் அறையை ஒரு சுற்றுச் சுற்றுவார். கட்டுப்போடும் தட்டில் கத்தரிக்கோல் வெளியே கிடந்தால் இழுப்பறைக்குள் போகும். சும்மா நிற்கிற சலைன் ஸ்டாண்டுகள் திரைக்குப் பின்னால் போகும். "ஸ்டெத்தக் கழுத்துல மாட்டாதீங்க சார், பைல போடுங்க. கயித்த நம்ம கழுத்துல மாட்டி, நுனிய அடுத்தவன் கையில கொடுக்கலாமா?" என்று டாக்டர்களையே அதட்டுவார்.

யாராவது கத்த ஆரம்பித்தால் நேர் எதிரே போய் நிற்க மாட்டார். பக்கவாட்டில், கதவை மறைக்காமல், இரண்டு உள்ளங்கையும் தெரிகிற மாதிரி நிற்பார். "கத்தாதே" என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. கத்துகிறவனுக்கு ஒரு வேலை கொடுப்பார், அவ்வளவுதான். "அண்ணே, இந்த பாட்டில கொஞ்சம் தூக்கிப் பிடிங்க." "தம்பி, ஸ்ட்ரெச்சர்ல தலைப்பக்கம் நீங்க பிடிச்சாத்தான் நகரும்." கட்டிடத்தையே கொளுத்திவிடுவேன் என்று வந்தவன், சலைன் பாட்டிலை அரை மணி நேரம் தூக்கிப் பிடித்தபடி, கை வலிக்கிறது என்றுகூடச் சொல்லாமல் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். இந்த வித்தையை நானும் வீட்டில் ஒரு நாள் போட்டுப் பார்த்தேன். குதித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் கையில் வெங்காயத்தைக் கொடுத்து உரிக்கச் சொன்னேன். "என்னடி, உங்க கண்டக்டர் வேலைய என்கிட்டயே காட்டறியா?" என்று வெங்காயத்தை என் மேலேயே எறிந்தார். எல்லாருக்கும் எல்லாம் வந்துவிடாது.

"இறங்க இடம் இல்லாதவன்தாம்மா அடிப்பான்" என்று கண்டக்டர் சொல்வார். "நெரிசல்ல எத்தனையோ பாத்திருக்கேன். நம்ம ஸ்டாப் போயிடுச்சு, இறங்க விட மாட்டேங்கறாங்கன்னு ஆயிட்டா சாதுவான ஆளுகூட சட்டையப் பிடிப்பான். கதவு கண்ணுல பட்டா பாதிக் கோபம் அப்பவே இறங்கிடும்."

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் ஸ்ட்ரெச்சர் தள்ள ஆள் இல்லை. கண்டக்டரே ஒரு நோயாளியைத் தள்ளிக்கொண்டு மாடிக்குப் போனார். ஆறு நிமிஷம்தான். அந்த ஆறு நிமிஷத்தில், குடித்துவிட்டுத் தன் அண்ணனைப் பார்க்க வந்த ஒருவன், உள்ளே விடவில்லை என்பதற்காக இரும்பு ஸ்டூலைத் தூக்கிச் சின்ன சிஸ்டர் தலையில் அடித்தான். எங்கள் பிரிவில் பெரிய சிஸ்டர் ஒருத்தி, சின்ன சிஸ்டர் ஒருத்தி. இவள் சின்னவள், இருபத்துநாலு வயசு. வலிக்காமல் ஊசி போடத் தெரிந்த பெண். அடி இடது காதில் விழுந்தது. காதுச் சவ்வு கிழிந்து ரத்தம் கழுத்து வரைக்கும் ஓடியது.

அப்போது நான் எங்கே இருந்தேன் என்று கேட்கிறீர்களா? என் மேஜைக்கு அடியில். கண்ணை மூடி, காதைப் பொத்திக்கொண்டு, எல்லாம் முடிகிற வரைக்கும் அங்கேயே குந்தியிருந்தேன். ஒருவரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நாலு வார்த்தை பதிலுக்குப் பேசி ஆற்றிக்கொண்டிருப்பேன். கேட்காததுதான் இன்றைக்கும் குத்துகிறது.

அதற்குப் பிறகு நிர்வாகம் விழித்துக்கொண்டது. என் மேஜைக்கு அடியில் ஒரு சிவப்புப் பொத்தான் வைத்தார்கள். அதை அழுத்தினால் மணி அடிக்கும். கூடவே வாசல் கண்ணாடிக் கதவும், ஸ்கேன் அறைக்குப் போகிற வராந்தாவின், மறுபக்கம் தெரியாத பால்நிறக் கண்ணாடிக் கதவும் தானாகப் பூட்டிக்கொள்ளும். பூட்டைத் திறக்கிற சாவி செக்யூரிட்டி சூப்பர்வைசரிடம், மூன்றாவது மாடியில். அடித்தவன் ஓடவும் முடியாது, அவன் ஆட்கள் உள்ளே வரவும் முடியாது என்று சூப்பர்வைசர் கல்யாண மாப்பிள்ளை மாதிரி பூரித்துப்போய் விளக்கினார். எனக்கும் அப்பாடா என்று இருந்தது.

கண்டக்டர் மட்டும் தலையைச் சொறிந்தார். "சார், பஸ்ல தீப்பிடிச்சா கதவ மூடுவாங்களா? அடிக்க வர்றவன வெளிய விடணும் சார். நம்மளோட சேத்து வச்சுப் பூட்டறதா?"

"உங்க பஸ் கதையெல்லாம் இங்க வேணாம் கண்டக்டர்" என்றார் சூப்பர்வைசர்.

காது ஓரளவு ஆறியதும் சின்ன சிஸ்டர் வேலைக்குத் திரும்பி வருகிறேன் என்றாள். அவள் அம்மா விடவில்லை. "அடி வாங்கறதுக்கா படிக்க வச்சேன்? போதும், வீட்டோட இரு" என்று ஒரே பிடி. இவளோ, இந்த வேலையை விட்டால் எனக்கு வேறு ஒன்றும் தெரியாது, பிடிக்கவும் பிடிக்காது என்று அழுதிருக்கிறாள். விஷயம் தெரிந்து கண்டக்டர் நேராக அவர்கள் வீட்டுக்கே போய்விட்டார். அங்கே நடந்ததைச் சின்ன சிஸ்டர்தான் எனக்குச் சொன்னாள்.

"ஒரே ஒரு நாள் அனுப்பிப் பாருங்கம்மா. என் பொறுப்பு" என்றாராம் கண்டக்டர். "ஒரு கீறல் இல்லாம ரெண்டு மணிக்கு வீட்டுக்கு அனுப்பறேன். கீறல் பட்டுச்சுன்னா நானே கொண்டு வந்து விட்டுட்டு, நானும் வேலைய விட்டுட்டுப் போயிடறேன்."

"மணிக்கு ஒரு தரம் உங்களுக்கு போன் பண்ணுவேன்" என்றாளாம் அம்மா. "நீங்க எடுக்கலைன்னா அடுத்த ஆட்டோவுல நான் அங்க இருப்பேன். அன்னியோட அவ வேலை முடிஞ்சுது."

அப்படி வந்தது அந்தத் திங்கட்கிழமை. சின்ன சிஸ்டர் சிரித்த முகமாகத்தான் வந்தாள். ஆனால் ஊசி மருந்துப் புட்டியின் பெயரை இரண்டு தடவை படித்த பிறகுதான் கையில் எடுத்தாள். யாராவது கதவைப் படாரென்று சாத்தினால் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கண்டக்டரும் அன்றைக்கு அவராக இல்லை. வழக்கமாக வாசலில் நின்று, "உள்ள தள்ளிப் போங்க, உள்ள இடம் இருக்கு" என்று பஸ் பழக்கத்தில் பேசுகிறவர், அன்றைக்கு வாயே திறக்கவில்லை. அறைக்கு நடுவில் தூண் மாதிரி நின்று, சின்ன சிஸ்டர் போகிற பக்கமெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

ஒன்பது மணிக்குப் போன் வந்தது. "இருக்காம்மா, நல்லா இருக்கா." பத்து மணிக்கும் அதே பதில். பதினொன்றுக்கும் அதேதான். மூன்று மணி ஓடிவிட்டது, இன்னும் மூன்றுதான் என்று எண்ணினேன். பரீட்சை எழுதுகிற பிள்ளைகூட அப்படிக் கடிகாரத்தைப் பார்த்திருக்காது.

பதினொன்றேகாலுக்கு ஒரு புருஷனும் பெண்டாட்டியும் நாலு வயசுப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். காய்ச்சலில் வலிப்பு. அவர் தரைக்கு டைல்ஸ் ஒட்டுகிறவர். வேலையைப் பாதியில் விட்டு வந்திருக்கிறார், காலில் செருப்பில்லை, இரண்டு முட்டியிலும் சிமெண்ட் அப்பியிருந்தது. சின்ன சிஸ்டரும் டாக்டரும் குழந்தையை நாலாம் நம்பர் படுக்கையில் போட்டு மருந்து கொடுத்தார்கள். வலிப்பு நின்றது. மருந்து மயக்கத்தில் குழந்தை தூங்கியது. அம்மாவை மருந்துச் சீட்டுடன் வெளியே கடைக்கு அனுப்பினார்கள். அப்பா சுவரோரம் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து முகம் கழுவக் குளியலறைப் பக்கம் போனார்.

அந்த நேரத்தில்தான் சின்ன சிஸ்டர் என் மேஜைக்கு வந்தாள். "அக்கா, பாப்பாவ உடனே ஸ்கேன் எடுக்கச் சொல்லிட்டாரு டாக்டர். அனுப்பிட்டேன். அவங்கப்பா வந்ததும் மறக்காம சொல்லிடுங்க."

"சரி சரி, சொல்றேன் போ" என்றேன்.

சொல்லவில்லை. மறந்துவிட்டேன். விரல் நுனியில் கீறல் பட்ட ஒரு மகானுபாவர், தன்னைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று என்னிடம் மல்லுக்கு நின்றார். சொன்னேனே, எனக்கு வாய் நீளம். அவர் ஒன்று சொன்னால் நான் ஒன்பது சொன்னேன். அந்தச் சண்டையில் நான்தான் ஜெயித்தேன். அதற்குள் துப்புரவு அக்கா வந்து, குழந்தை வாந்தி எடுத்திருந்த விரிப்பை உருவிப் போட்டுவிட்டு, படுக்கையை மருந்துத் தண்ணீரால் துடைத்து, வெள்ளை வெளேரென்று புது விரிப்பை இழுத்துச் செருகிவிட்டுப் போனாள். படுக்கை காலியானால் விரிப்பு மாற்ற வேண்டும். எங்களுக்கு அது மூச்சு விடுகிற மாதிரி. அதை வெளியிலிருந்து வந்த ஒருவர் எப்படிப் பார்ப்பார் என்று பதினாறு வருஷத்தில் ஒரு நாளும் நான் யோசித்ததில்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்த அப்பா படுக்கையைப் பார்த்தார். நின்றார். குனிந்து, புது விரிப்பின் மேல் கையை வைத்துத் தடவினார். பிறகு மருந்து அலமாரிக்கு முன்னால் நின்றிருந்த சின்ன சிஸ்டரிடம் போனார். "எம்பொண்ணு எங்க?" என்றார். அவர் நின்றது அவளுடைய இடது பக்கம். அந்தக் காதில் அவளுக்கு இன்னும் பாதிகூடக் கேட்காது. அவள் திரும்பவில்லை. "எம்பொண்ணு எங்கன்னு கேக்கறேன்ல?" அவள் மருந்து எண்ணிக்கொண்டேயிருந்தாள். சொல்ல வாய் வராமல்தான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். வேறு என்ன நினைப்பார், பாவம்.

மூன்றாம் படுக்கையருகே ஒரு சலைன் ஸ்டாண்டு தனியாக நின்றது. காலையில் கண்டக்டர் கண்ணிலிருந்து அது எப்படித் தப்பியது என்று எனக்குத் தெரியவில்லை. குழந்தையின் அப்பா அதைப் பிடுங்கி, தலைக்கு மேல் தூக்கினார். "எங்கடி கொண்டு போனீங்க எம்பொண்ண?"

சின்ன சிஸ்டர் அப்போதுதான் திரும்பினாள். அலமாரிக்கும் அவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டாள். முகத்தில் ரத்தமே இல்லை. கை தானாக இடது காதைப் பொத்திக்கொண்டது.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. குழந்தை ஸ்கேனுக்குப் போயிருக்கிறது என்று ஒரு வார்த்தை அப்போதாவது கத்தியிருக்கலாம் இல்லையா? அந்த நீள வாய் எங்கே போனது? விரல்தான் வேலை செய்தது. பொத்தானை அழுத்தினேன்.

மணி காதைப் பிளந்தது. வாசல் கதவு டக்கென்று பூட்டிக்கொண்டது, வராந்தாக் கதவும் டக்கென்று பூட்டிக்கொண்டது. அதே நேரத்தில் மருந்துப் பையுடன் வாசலுக்கு வந்து சேர்ந்தாள் குழந்தையின் அம்மா. மணிச் சத்தம், பூட்டிய கதவு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஸ்டாண்டுக் கம்பியும் கையுமாகப் புருஷன். அவளுக்கு என்ன தோன்றும்? இரண்டு கையாலும் கண்ணாடியை அறைந்தாள். "ஐயோ, எம்புள்ளைக்கு என்னாச்சு?" என்று அவள் தலையில் அடித்துக்கொள்வது உள்ளே தெரிந்தது. அதைப் பார்த்ததும் அவருக்கு மிச்சமிருந்த சந்தேகமும் போய்விட்டது. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அதை அழுகை என்றும் சொல்ல முடியாது.

கண்டக்டர் அதற்குள் அங்கே போய்விட்டார். அந்த ஆளுக்கும் சின்ன சிஸ்டருக்கும் நடுவில், ஆனால் பக்கவாட்டில், உள்ளங்கை இரண்டையும் காட்டிக்கொண்டு. "அண்ணே, கம்பி உங்க கையிலயே இருக்கட்டும். நான் வாங்க வரல. பாப்பா நல்லா இருக்கு. ஸ்கேன் எடுக்கப் போயிருக்கு."

"பொய்! படுக்கையக் கழுவி வச்சிருக்கீங்க! எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?"

அப்போது கண்டக்டரின் சட்டைப் பையில் போன் அடித்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு.

சின்ன சிஸ்டருக்கும் அது யாருடைய போன் என்று தெரியும். அவள் கண் அந்தப் பைக்குப் போனதைப் பார்த்தேன். நான் அந்த நேரம் நாற்காலியிலிருந்து சரிந்து பாதி மேஜைக்கு அடியில் இருந்தேன். ஆமாம், மறுபடியும்தான். கண்டக்டர் அந்த ஆளிடமிருந்து கண்ணை எடுக்காமலே, இரண்டு விரலால் போனை எடுத்துத் தரையில் வைத்து, காலால் என் பக்கம் தள்ளினார். அது வழுக்கிக்கொண்டு வந்து என் முட்டியில் இடித்தது.

"அம்மா, அத நீங்க எடுங்க. எழுந்து நின்னு, பாத்துச் சொல்லுங்க" என்றார்.

நான் எழுந்தேன். எப்படி எழுந்தேன் என்று கேட்காதீர்கள். போனைக் காதில் வைத்து, மறு காதைப் பொத்திக்கொண்டேன்.

"கண்டக்டரா? என்ன சத்தம் அங்க?" என்றாள் சின்ன சிஸ்டரின் அம்மா.

"மணி சரியா அடிக்குதான்னு பாக்கறாங்கம்மா. நான் சீட்டு எழுதறவ பேசறேன். அவர் கை வேலையா இருக்காரு." என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

"எம்பொண்ணு?"

கம்பி இன்னும் தூக்கியபடியே இருந்தது. அதற்குக் கீழே சின்ன சிஸ்டர். "இருக்கா" என்றேன். "என் கண்ணு முன்னாடிதான் நிக்கறா."

அம்மா போனை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு என்னால் குனிய முடியவில்லை. கண் முன்னால் நிற்கிறாள் என்று சொன்ன பிறகு கண்ணை எப்படி எடுப்பது?

கண்டக்டர் இடுப்பிலிருந்த வாக்கி டாக்கியை எடுத்தார். "சார், வராந்தாக் கதவத் திறங்க. குழந்தைய இவர்கிட்டக் காட்டணும். அவ்வளவுதான் பிரச்சனை."

சூப்பர்வைசர் குரல் கரகரவென்று அறை முழுக்கக் கேட்டது. "எதையும் திறக்கக் கூடாது. போலீசுக்குச் சொல்லியாச்சு. இருபது நிமிஷத்துல வந்துடுவாங்க. அதுவரைக்கும் ஆள வெளிய விடாதீங்க."

இதைக் கேட்டதும் டைல்ஸ்காரருக்குக் கண் சிவந்தது. "போலீசா? புள்ளையக் கொன்னுட்டு என்னப் பிடிக்கப் போலீசா?" கம்பி இன்னும் ஒரு சாண் மேலே போனது. அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். இருபது நிமிஷம் என்ன, இருபது நொடி தாங்காது.

கண்டக்டர் வாக்கி டாக்கியை அணைத்துவிட்டு, படுக்கை மேல் போட்டார். "சரி. அப்ப வாங்க, நாமளே போய்ப் பாப்பாவப் பாத்துடலாம்" என்றார். ஏதோ அடுத்த தெருவுக்குக் கூப்பிடுகிற மாதிரி. "கம்பி உங்ககிட்டதான இருக்கு. இந்தக் கதவ உடைங்க."

அந்த ஆள் அப்படியே நின்றார். "என்னது?"

"வராந்தாக் கதவு. இதுக்கு அந்தப் பக்கம்தான் ஸ்கேன் ரூம். என்கிட்ட சாவி இல்ல. உடைங்க, உள்ள போவோம்."

"நானா?"

"பின்ன நானா? உங்க கையிலதான கம்பி இருக்கு?"

சொல்லிவிட்டு, திரும்பி நடந்தார். தலைக்கு மேல் இரும்புக் கம்பி தூக்கியிருக்கிற ஒரு ஆளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தார். ஒரு நொடி, இரண்டு நொடி. டைல்ஸ்காரர் அவர் பின்னால் போனார். சின்ன சிஸ்டர் அலமாரியில் சாய்ந்து மூச்சை இழுத்தாள்.

முதல் அடி கதவின் நடுவில் விழுந்து, கம்பி துள்ளித் திரும்பியது. "நடுவுல வேணாம்ணே, நடுவுல அடிச்சா நம்ம மேலயே திரும்பி வரும்" என்றார் கண்டக்டர். "பஸ் கண்ணாடியும் இதே ஜாதிதான். கீழ் மூலைல அடிங்க. ஸ்டாண்டோட அடிப்பக்கத்தால. கண்ண மூடிக்கங்க." இரண்டாவது அடியில் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவதில் கதவு மொத்தமும் கல்கண்டு மாதிரி பொலபொலவென்று கொட்டியது.

வராந்தாவில் தள்ளுவண்டி நின்றது. ஸ்கேன் முடித்துக் கொண்டு வந்தவர்கள் பூட்டிய கதவுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டு நின்றிருக்கிறார்கள். கண்ணாடி உடைந்த சத்தத்தில் குழந்தை விழித்து வீரிட்டு அழுதது. நான் கேட்ட அழுகைகளிலேயே அதைப் போல இனிமையானது வேறு இல்லை. டைல்ஸ்காரர் கம்பியைக் கீழே போட்டார். ஓடப் பார்த்தார். தரை முழுக்கக் கண்ணாடி, காலில் செருப்பில்லை.

"நில்லுங்க, கால் வைக்காதீங்க" என்றாள் சின்ன சிஸ்டர். நாலாம் நம்பர் படுக்கையின் புது விரிப்பை உருவி, நாலாக மடித்து, கண்ணாடி மேல் போட்டாள். "இதுமேல மிதிச்சுப் போங்க." அவர் அதன் மேல் நடந்து போய்க் குழந்தையை வாரிக்கொண்டார். நான் என் நாற்காலியில் விழுந்தேன். உயிர் போய் உயிர் வந்தது.

ரெண்டு மணிக்குச் சின்ன சிஸ்டர் வீட்டுக்குக் கிளம்பினாள். ஒரு கீறல் இல்லை.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. போலீஸ் வந்தார்கள். காமிராவில் படம் இருக்கும், சத்தம் இருக்காது. ஒரு ஆள் கம்பியைத் தூக்குவதும், கதவை உடைப்பதும் பளிச்சென்று தெரிந்தது. டைல்ஸ்காரர் மேல் வழக்கு எழுதச் சொன்னார் சூப்பர்வைசர். கண்டக்டர் மட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தால் காரியம் அதோடு தீர்ந்திருக்கும்.

"கதவ அவர் உடைக்கல சார்" என்றார் கண்டக்டர். "நான் உடைக்கச் சொன்னேன், அவர் உடைச்சாரு. அப்படியே எழுதிக்கோங்க, கையெழுத்துப் போடறேன்."

"காவலுக்கு வச்சா, கதவ உடைக்க நீங்களே ஆள் பிடிச்சுக் கொடுப்பீங்களா?" என்று சூப்பர்வைசர் எகிறினார். டைல்ஸ்காரரை எச்சரித்து அனுப்பினார்கள். சாயங்காலமே கண்டக்டருக்குக் கடிதம் வந்துவிட்டது, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று.

என்னிடமும் எழுதி வாங்கினார்கள். அந்த நபர் இரும்புக் கம்பியுடன் மிரட்டினார், நான் பொத்தானை அழுத்தினேன். இரண்டே வரி. பொய் ஒன்றும் இல்லை. உண்மையும் அதில் பாதிதான்.

கண்டக்டர் சாதாரணச் சட்டைக்கு மாறி, யூனிபார்மை மடித்து என் மேஜையில் வைக்க வந்தார். என்னால் அடக்க முடியவில்லை. "அண்ணே, அந்த ஆள்கிட்ட குழந்தை ஸ்கேனுக்குப் போயிருக்குன்னு சொல்லச் சொல்லி சிஸ்டர் என்கிட்டதான் சொன்னா. நான் மறந்துட்டேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஒண்ணுமே நடந்திருக்காது." சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

"தெரியும்மா" என்றார். "அவ சொன்னது எனக்கும் கேட்டுச்சு. பத்தடி தள்ளித்தான நின்னேன்."

"அப்ப ஏன் அத சூப்பர்வைசர்கிட்ட நீங்க சொல்லல?"

"சொல்லி? நானும்தான் அந்த ஆள்கிட்டச் சொல்லியிருக்கலாம். சொல்லலையே." சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். "அம்மாகிட்ட வாக்குக் கொடுத்துட்டேன்ல, காலைலருந்து அந்தப் பொண்ண மட்டும்தான் பாத்துட்டு நின்னேன். பஸ்ல வேற யாரு ஏறினா, யாரு நிக்கறா, ஒண்ணும் பாக்கல. அந்த ஆள் செருப்பில்லாம வந்தத நான் இப்பதான் நெனச்சுப் பாக்கறேன். அந்த ஸ்டாண்டையும் நான்தான் விட்டுட்டேன். போகட்டும் விடுங்க."

முட்டியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனார். நான் அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை. மறுநாள் காலை முதல் வேலையாக ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர் அறைக்குப் போய், இன்னொரு வாக்குமூலம் எழுதிக் கொடுத்தேன். மறந்தது, மேஜைக்கு அடியில் போனது, எல்லாம். "இப்ப இதெல்லாம் எதுக்கு?" என்று வாங்கிக் கோப்புக்குள் வைத்துக்கொண்டார். கண்டக்டரைத் திரும்பக் கூப்பிடவில்லை. எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, அவ்வளவுதான். வாசலில் புதிதாக ஒரு செக்யூரிட்டி நிற்கிறான், ஆறடி. கத்துகிறவனைவிட அதிகமாகக் கத்துகிறான்.

அந்த மறுநாள் ஒன்பது மணிக்கு என் போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"நேத்து நீங்கதான பேசினீங்க?" என்றாள் ஒரு அம்மா. "கண்டக்டர் காலைல வீட்டுக்கு வந்தாரு. நடந்தது எல்லாத்தையும் சொன்னாரு. கேட்டுட்டு இவள அனுப்பவே கூடாதுன்னுதான் உட்காந்துட்டேன்."

அறையைப் பார்த்தேன். சின்ன சிஸ்டர் ஒரு கிழவரின் கையில் நரம்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"நான் இல்லைன்னா என்ன, அங்க ஒரு ஆள் இருக்காங்க, எழுந்து நின்னு பாத்துக்குவாங்கன்னு சொன்னாரு" என்றாள் அம்மா. "உங்க நம்பரக் கொடுத்து, இனிமே உங்களத்தான் கேக்கச் சொல்லிட்டுப் போனாரு. எம்பொண்ணு இருக்காளா?"

"இருக்காம்மா" என்றேன். அதற்கு மேல் பேச வரவில்லை. எனக்கு, வாய் நீளமானவளுக்கு.

போனை வைத்துவிட்டு எழுந்து நின்றேன். சுவரோரம் பதினோரு பேர் காத்திருந்தார்கள். அதில் ஒரு பெண் காலியான ஏழாம் படுக்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேஜையைச் சுற்றிக்கொண்டு அவளிடம் போய், அவள் புருஷனை எக்ஸ்ரே எடுக்கக் கூட்டிப்போயிருக்கிறார்கள், பத்து நிமிஷத்தில் வந்துவிடுவார் என்று சொன்னேன்.